ரண்டர்ஸுக்கு மலிவுத் துவக்கு வாங்கப் போன கதை

என் பேத்தி மெலீசா இந்த வருடம் வேட்டைப் பரீட்சையில் முதல் தரமே பாஸ் பண்ணிவிட்டாள். (காண்கிற ஆட்களுக்கெல்லாம் சொல்லிவிட்டேன். அவளுக்குத்தான் வெட்கம்.) "அம்மம்மா, முதல் துவக்கு மலிவாயும் வேணும், நல்லதாயும் வேணும், எது வாங்கலாம்?" என்று கேட்டாள். துப்பாக்கி பற்றி அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். டென்மார்க்கில் இப்போது எங்கள் பிள்ளைகள் கனபேர் வேட்டைக்குப் போகிறார்கள், அவர்களுக்கும் உதவும்.

நாங்கள் துவக்கு வாங்கப் போனது தமிழ் வழக்குக் காலத்தில். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: எண்பதுகளில் இலங்கைச் சண்டையால் அகதியாக வந்த எங்கள் ஆட்கள் மனைவி பிள்ளைகளைக் கூப்பிட விண்ணப்பம் போட்டார்கள். மேலிடத்தில் அவற்றை எடுத்துப் பார்க்காமலே வைத்திருந்தார்கள். பிறகு அது வெளியே வந்து, விசாரணையாகி, அரசாங்கமே விழுந்தது. நாங்கள் போன நேரம் இது ஒன்றும் தெரியாது. ஏன் பதில் வரவில்லை என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அந்த நேரம் நாங்கள் கிரின்ஸ்டெட்டில் இருந்தோம். இவரும் என் தம்பி டொமினிக்கும் ஒரே தொழிற்சாலையில் வேலை. தம்பியின் மனைவி ரீற்றா கைக்குழந்தையோடு கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் கிடந்தாள். தம்பி வேலையால் வந்தால் டெலிபோனுக்குப் பக்கத்தில் இருப்பான். சாப்பாடு இல்லை, கதை இல்லை. எங்களோடு இருந்து அவன் சிரித்ததை நான் மறந்தே போனேன்.

இவர் மன்னாரில் காடு திரிந்த மனுசன். இங்கேயும் வேட்டைப் பரீட்சை எழுதிவிட்டார். கூட வேலை செய்த டேனிஷ்காரர் ஒருவர், "என் காணியில் மான் வருது, மே மாதம் கிடாய் வேட்டை தொடங்கும், வா" என்று கூப்பிட்டிருந்தார். "டொமியையும் கூட்டிக்கொண்டு போவம். இப்பிடியே டெலிபோனைப் பாத்துக்கொண்டு இருந்தா அவனுக்கு விசர் பிடிச்சிடும்" என்றார் இவர்.

எனக்குத் துளியும் விருப்பமில்லை. துவக்குக்கு ஓடி வந்தவர்கள் நாங்கள். அதோடு, துவக்கு வாங்கப் பொலிசில் அனுமதி எடுக்க வேண்டும். தமிழன் வீட்டில் துவக்கு என்று கண்டால் ரீற்றாவின் விசயத்தை அப்படியே மூடிவிடுவார்கள் என்று பயம். "அவள் வந்து சேரட்டும், பேந்து பீரங்கியே வாங்குங்கோ" என்று சண்டை பிடித்தேன். கேட்கவில்லை. கடையிலாவது ஏதும் குறை சொல்லித் தடுக்கலாம் என்றுதான் நானும் காரில் ஏறினேன்.

கிரின்ஸ்டெட்டில் இருந்து பிராண்ட, சில்கபோர்க் வழியாக, துவக்குக் கடை இருந்த ரண்டர்ஸ் நூற்றுப் பதினைந்து கிலோமீற்றர் வரும். காலை எட்டரைக்கு வெளிக்கிட்டு, எங்கள் பழைய காரில் பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். பஸ்ஸில் போக நினைக்காதீர்கள், அரை நாள் தரிப்பிடத்தில் போகும். அந்தக் காலம் சனிக்கிழமை கடைகள் மத்தியானத்தோடு பூட்டு, அதனால் வெள்ளிக்கிழமை லீவு எடுத்துத்தான் போனோம்.

கடைக்காரர் வயதான, மெதுவாகக் கதைக்கிற மனுசன். எங்கள் கையில் இருந்த காசுக்கு ஏற்ற மூன்று துவக்குகளை மேசையில் வைத்தார். கொம்பனிப் பெயர் எழுத மாட்டேன், நாட்டைச் சொல்கிறேன்.

முதலாவது சுவீடன் நாட்டுப் பழைய ராணுவத் துவக்கு, தோளில் வைக்கிற மரக்கட்டையை வெட்டி வேட்டைக்கு மாற்றியது. ஆயிரத்து நூறு குரோனர். கட்டை நல்ல பழைய மரம், கைக்கு வடிவாக இருந்தது. ஆனால் குழலுக்குள் வெளிச்சத்தைப் பிடித்துப் பார்த்தால், அடிப்பிடித்த சட்டி மாதிரி உள்ளே கறுப்புப் புள்ளி. குறிபார்க்கிற ஸ்கோப் பூட்ட ஓட்டையும் இல்லை. அதைப் போட இன்னும் அறுநூறு வேண்டும்.

இரண்டாவது பின்லாந்துத் துவக்கு, புதுசு, நாலாயிரத்துத் தொளாயிரம். குண்டு ஏற்றுகிற போல்ட் கைப்பிடியை இழுத்தால் எண்ணெய் விட்டது போல வழுக்கிக்கொண்டு வருகிறது. குறையே சொல்ல ஏலாது, விலையைத் தவிர.

மூன்றாவது செக் நாட்டுத் துவக்கு, புதுசு, இரண்டாயிரத்து நானூறு. பாரம் கூட. போல்ட் இறுக்கம், இழுக்கும்போது கரகரக்கும். கட்டையின் ஓரத்தைச் சரியாகத் தேய்க்கவில்லை, விரலில் குத்தியது. ஆனால் குழல் உள்ளே கண்ணாடி மாதிரி, விசை அழுத்தச் சுத்தமாக விடுகிறது, ஸ்கோப் பூட்டும் இடம் மேலேயே வெட்டி வைத்திருக்கிறது.

இவர் செக் துவக்கைத் தோளில் வைத்துவிட்டு இறக்கவில்லை. கடைக்காரர் துவக்கைத் தட்டிக் காட்டி ஊர்க் கொச்சையில் ஒரு வசனம் சொன்னார். அதில் எங்களுக்கு விளங்கியது இரண்டே இரண்டு சொல்: "இல்லை", "றோடூர்".

றோடூர் என்றால் இந்த ஊர்ச் சின்ன மான். பரீட்சைப் புத்தகம் முழுக்க அந்தச் சொல்தான். இவருடைய முகம் விழுந்துவிட்டது. "மானுக்குச் சரிவராதாம்" என்றார்.

"கடைக்காரனே சொல்லுறான், பிறகென்ன?" என்று நான் கெதியாகக் கைப்பையைத் தூக்கினேன். ஒரு குறை தேடி வந்தேன், அது தானாகவே கிடைத்தது. கடைக்காரர் ஒன்றும் விளங்காமல் கதவு வரை வந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வரும் வழியில், சில்கபோர்க்குக் கிட்ட, ஒரு பெற்றோல் நிலையத்தில் காப்பி வாங்க இறங்கினோம். எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு கிழவர் விலையைக் கேட்டுவிட்டுக் கோப்பையைத் தூக்கிக் காட்டிச் சத்தம் போட்டார்: "றோடூர்ட்!"

தம்பி என் கையைப் பிடித்தான்.

"அக்கா, காப்பிக்குள்ளயும் மான் நிக்குதாம்."

"என்னடா விசர்க்கதை?"

"டூர் எண்டா மிருகம் மட்டுமில்லை அக்கா, விலை கூட எண்டும் அர்த்தம். படிக்கிற இடத்தில சொல்லித் தந்தவை. றோடூர் எண்டா படுவிலை! அந்த மனுசன் மானைப் பற்றியே கதைக்கேல்லை. 'இது படுவிலை ஒண்டும் இல்லை' எண்டிருக்கிறார்!"

"அப்ப மானைச் சுடலாமோ?" என்றார் இவர், சாப்பிட எடுத்த பாண் துண்டைக் கையில் பிடித்தபடி.

"மானைச் சுடலாம் அத்தான். காப்பியைத்தான் சுடேலாது!"

அப்படிச் சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினான். குனிந்து, வயிற்றைப் பிடித்து, கண்ணால் தண்ணீர் வர. காசு வாங்குகிற பெட்டையும் எட்டிப் பார்த்தாள். அந்தச் சிரிப்பு எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. துவக்கு வேண்டாம் என்று வந்தவளே சொன்னேன்:

"இஞ்சாருங்கோ, காரைத் திருப்புங்கோ."

ஐம்பது கிலோமீற்றர் திரும்பப் போனோம். கடைக்காரர் கதையைக் கேட்டுச் சிரித்து, துவக்கு வார் ஒன்று சும்மா தந்தார். அனுமதி வந்த பிறகுதான் துவக்கைத் தருவேன் என்று சொல்லி, பொலிசுக்குக் காட்ட விபரங்களை எழுதித் தந்தார்.

அடுத்த கிழமை இவரோடு நானும் எங்கள் ஊர்ப் பொலிசுக்குப் போனேன். இவருடைய அலுவல் முடிந்ததும் நான் அரைகுறை டேனிஷில் கேட்டேன்: "எங்கட வீட்டில துவக்கு இருந்தா, என் தம்பியின்ர மனைவி வாறதுக்கு ஏதும் பிரச்சினை வருமோ?" அந்தப் பொலிஸ்காரர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அது வேறு இடம், கோப்பன்ஹேகன். இதைப் பார்த்து அதை முடிவெடுக்க மாட்டார்கள்" என்றார். பிறகு, "அங்கே என்ன நடக்கிறது என்று எங்களுக்கும் தெரியாது" என்று மெதுவாகச் சொன்னார். நல்ல மனுசன்.

துவக்குக்கு மூன்று கிழமையில் அனுமதி வந்தது. ரீற்றாவின் பதில் அப்போதும் வரவில்லை. அந்தக் கடிதத்தைத் தம்பிதான் வாசித்தான். வாசித்துவிட்டு மடித்து இவரிடம் கொடுத்துவிட்டு, வெளியே போய்த் தோட்டத்தில் நின்றான். வேட்டைக்குப் போனான்தான். காலையில் இவரோடு காட்டோரம் இருந்துவிட்டு வந்தால், அன்றைக்குச் சாப்பிடுவான். அந்த அளவுக்குத் துவக்கு உதவியது.

இனி, வாங்கப் போகிறவர்களுக்கு. விலைக்குத் தரம் என்று பார்த்தால் செக் துவக்குத்தான். போல்ட்டின் கரகரப்பு ஒரு வருடம் பாவிக்கப் போய்விடும், கட்டையை அரத்தாளால் தேய்த்துக்கொள்ளலாம். பழைய துவக்கு வாங்கினால் குழலுக்குள் கட்டாயம் பாருங்கள், கட்டையின் வடிவில் மயங்க வேண்டாம். கையில் உள்ளதை எல்லாம் துவக்கில் போடாமல் ஸ்கோப்புக்கும், துவக்கைப் பூட்டி வைக்கிற இரும்பு அலுமாரிக்கும் வையுங்கள். அனுமதி வருமுன் முழுக் காசும் கட்டாதீர்கள். கடைக்காரர் சொல்வது விளங்கவில்லை என்றால் வெட்கப்படாமல் திருப்பிக் கேளுங்கள். நாங்கள் கேட்காததால் நூறு கிலோமீற்றர் கூட ஓடினோம்.

ரீற்றாவும் மகனும் வந்து சேர்ந்தபோது, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் போகும் வயது. வந்த அன்றைக்கு மான் இறைச்சிக் கறி வைத்தேன். இறைச்சி எங்கே இருந்து வந்தது என்று ரீற்றா கேட்டாள். தம்பி சொன்னான். அவள் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டாள்.

"துவக்கோ? வீட்டுக்குள்ளயோ? ஆர் தந்தது?"

"பொலிஸ்தான். அனுமதி தந்தவை."

"தமிழ் ஆக்கள் எண்டு தெரிஞ்சோ?"

"ஓம்."

மகன் என் மடியில் இருந்து பாணைக் கறியில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தான்.

"உங்களை நம்பித் துவக்கே தந்திருக்கிறாங்கள்," என்றாள். "என்னிலயும் இந்தப் பிள்ளையிலயும் என்ன பயம் கண்டவங்கள்?"