நகராத மேகம்

தப்பு செய்தவரே நேரில் வந்து "இது தப்பு" என்று சொன்ன பிறகும் அந்தத் தப்பு எப்படி ஜெயிக்கும்? எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த தையல்காரம்மா என்னிடம் இப்படிக் கேட்டார். அவருடைய அக்காவின் கதையை முழுதாகக் கேட்ட பிறகுதான் பதில் கொஞ்சம் பிடிபட்டது. பிடிபட்ட அளவுக்கு எழுதுகிறேன்.

அக்கா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். வானத்திலிருந்து செயற்கைக்கோள் எடுத்து அனுப்பும் படங்களைப் பார்த்து, கீழே எது தண்ணீர், எது வயல், எது வீடு என்று பிரித்துச் சொல்லும் படிப்பு அவருடையது. அதையே ஆராய்ச்சியும் செய்தார், பாடமும் நடத்தினார். மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'மேகம் மேடம்'. அது அவருக்கும் தெரியும். ஒருநாள் அவர் வகுப்புக்குள் நுழையும்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "டேய், மேகம் வருது, குடையை எடு" என்றது. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "மழை இன்னைக்கு இல்லப்பா, வெள்ளிக்கிழமை. டெஸ்ட் வெச்சிருக்கேன்" என்றார்.

பெயர் சும்மா வந்துவிடவில்லை. செயற்கைக்கோள் தலைக்கு மேல் போகும் நேரம் பார்த்துக் குறுக்கே ஒரு மேகம் வந்து நின்றால் அன்றைய படம் வீண். வேண்டியது எதுவோ அதன் மேலேயே வெள்ளையாக ஒரு திட்டு உட்கார்ந்திருக்கும். இந்தத் தொல்லைக்கு அவர் ஒரு கணினி நிரல் எழுதினார். படத்தில் பளிச்சென்று வெள்ளையாக இருப்பதை அது மேகம் என்று கண்டுகொள்ளும். ஓரத்தோடு சேர்த்து வெட்டி எறியும். வெட்டிய ஓட்டையில், அதே இடத்தின் பழைய, தெளிவான படம் ஒன்றைத் தேடி எடுத்து ஒட்டும். ஏ.சி. ஒழுகும் தண்ணீருக்கு வாளி வைத்த அறையில், சுருட்டி வைத்த வரைபடங்களுக்கு நடுவில் உட்கார்ந்து, அதை எழுதித் திருத்தி மறுபடி எழுதினார். வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தபோதெல்லாம் "இதை முடிச்சிட்டுப் பார்க்கலாம்" என்றார். நிரல் முடிந்தபோது அந்தப் பேச்சும் முடிந்திருந்தது.

தங்கை ஏரியோரக் குடியிருப்பில் இருந்தார். கணவர் இறந்தபின் வீட்டிலேயே மிஷின் போட்டுத் துணி தைத்துப் பிழைப்பை ஓட்டினார். நெருக்கி நெருக்கிக் கட்டிய வீடுகள், எல்லாவற்றுக்கும் தகரக் கூரை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே சாப்பிட வந்த அக்கா, இலையைப் பார்ப்பதா வியர்வையைத் துடைப்பதா என்று திணறிப்போனார்.

"ஏன்டி, அடுப்புக்குள்ள உக்காந்தா தைக்கிற?"

"வேற எங்க உக்கார? உன் ஏ.சி. ரூம்ல ஒரு ஓரமா மிஷினைப் போட்டுக்கட்டுமா?"

அக்கா சிரித்துவிட்டார். ஆனால் அதை அப்படியே விடவில்லை. வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும் என்பது அவர் வகுப்பில் முதல் வாரமே சொல்லிக்கொடுப்பது. அடுத்த மாதமே மாணவர்களைக் கூட்டிவந்து, குடியிருப்பு முழுக்க எல்லாத் தகரத்துக்கும் வெள்ளைப் பூச்சு அடிக்க வைத்தார். பையன்கள் ஏணியில் ஏறினார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் கீழே நின்று, "தம்பி, அந்த மூலைய விட்டுட்ட பாரு" என்று வேலை வாங்கினார்கள். வீடுகளுக்குள் அனல் நன்றாகவே தணிந்தது. "மத்தியானம் கண்ணசர முடியுதுக்கா. இதுக்கே உனக்கு இன்னொரு டாக்டர் பட்டம் குடுக்கலாம்" என்றார் தங்கை. அக்காவுக்கு அந்தப் பாராட்டு உள்ளே போய்த் தங்கிவிட்டது.

இரண்டு வருடம் கழித்து, ஏரியை மீட்கும் திட்டம் ஒன்று வந்தது. ஏரிக்குள்ளும் கரையிலும் உள்ள வீடுகளை எடுத்துவிடுவார்கள். ஒரு குறிப்பிட்ட தேதிக்கு முன்பே வீடு இருந்தவர்களுக்கு வேறு இடத்தில் வீடு தருவார்கள். மற்றவர்கள் வெறுங்கையோடு கிளம்ப வேண்டியதுதான். அந்தத் தேதியில் எங்கெங்கே வீடு இருந்தது என்று வரைபடம் போட்டுத் தரும் பொறுப்பு அக்காவின் துறைக்கு வந்தது. அவருடைய நிரல்தான் ஓடியது. வரைபடம் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு சரி என்று கணக்குப் பார்த்துச் சொன்னார்கள். துறைத் தலைவர் அதைப் பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டு, நடைபாதையில் மாட்டினார். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் யாராவது விருந்தினர் வந்தால் அந்த வரைபடத்தைத் தாண்டிப் போக விடமாட்டார்.

தங்கை வந்து நின்றதும் அதன் முன்னால்தான். தோளில் அளவு நாடா தொங்கியது. கழற்றி வைக்கக்கூட நேரமில்லாமல் கிளம்பியிருக்கிறார்.

"அக்கா, எங்க தெரு இதுல எங்க இருக்கு?"

அக்கா ஏரியின் கிழக்குக் கரையில் விரல் வைத்தார். விரலுக்கடியில் வெறும் பழுப்பு நிறம். காலி நிலம் என்று அர்த்தம்.

"ஆபீஸ்ல இதைத்தான் காட்டுறாங்க. அந்தத் தேதில அங்க ஒரு வீடும் இல்லையாம். இவ்ளோ வெள்ளைக் கூரைய வெச்சிக்கிட்டு நாங்க என்ன சொல்றது? கரண்டு பில்லைக் காட்டினா, ஏரிக்கரைன்னுதான போட்டிருக்கு, அது எதிர்க்கரையாக்கூட இருக்கலாம்னு சொல்றாங்க."

இங்கேதான் அக்கா அந்த வார்த்தையைச் சொன்னார். "மேப்பு பொய் சொல்லாதுடி. உங்க ஆளுங்க யாராவது குடிவந்த தேதிய மாத்திச் சொல்லியிருப்பாங்க."

தங்கை அவர் பக்கம் திரும்பினார். "நீ எங்க வீட்ல வந்து சாப்பிட்டியே, எங்க உக்காந்து சாப்பிட்ட? ஏரிக்குள்ளயா?"

நடைபாதையில் போன இரண்டு மாணவர்கள் நின்று பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். தங்கை போன பிறகு அக்கா அறைக்குப் போய், வரைபடத்துக்குப் பயன்படுத்திய மூலப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். நிரல் மேகம் என்று வெட்டிய இடங்களை மட்டும் காட்டச் சொல்லி, அடுத்தடுத்து ஓடவிட்டார். மேகங்கள் படத்துக்குப் படம் இடம் மாறின. மலைப்பக்கம் கூடின, கலைந்தன, வயல் மேல் வந்தன. ஒரு மேகம் மட்டும் எந்தப் படத்திலும் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. ஏரியின் கிழக்குக் கரையில், கோடையிலும் குளிரிலும், வேறு ஒரு பொட்டு மேகம்கூட இல்லாத நாளிலும் அங்கேயே இருந்தது. அதன் மேல்பக்கம் தெருவின் வளைவு மாதிரியே வளைந்திருந்தது.

அக்கா படத்தை அங்கேயே நிறுத்தினார். வெள்ளை அடித்த கூரைகளைத்தான் நிரல் மேகம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. வீடுகள் நெருக்கமாக இருந்ததால் ஓரத்தையும் வெட்டியபோது தெருவே மொத்தமாகப் போய்விட்டது. வரைபடத்துக்கு எடுத்தது ஒரு புதுச் செயற்கைக்கோளின் படங்கள்; அவை வரத் தொடங்கியதும், அந்தக் குறிப்பிட்ட தேதி வந்ததும் வெள்ளை அடித்த பிறகுதான். அதற்கு முன் துறையிடம் இருந்த ஒரே தெளிவான படம், அந்தக் குடியிருப்பே வராத காலத்தில் எடுத்தது. நிரல் சொன்னபடி வேலை செய்திருக்கிறது. ஓட்டையில் பழைய பொட்டல் நிலத்தை அழகாக ஒட்டி மூடியிருக்கிறது.

துறைத் தலைவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நூத்துக்கு ஆறு தப்பு இருக்கும்னு நாமளே எழுதிக் குடுத்திருக்கோமே மேடம். இது அந்த ஆறுக்குள்ள வந்துட்டுப் போகுது."

"அந்த ஆறுக்குள்ள ஆளுங்க குடியிருக்காங்க சார்."

"புரியுது. ஆனா அடுத்த கட்ட வேலையும் நமக்குத்தான்னு வாய் வார்த்தையா சொல்லியிருக்காங்க. இப்ப போய் மேப்பு தப்புன்னு சொன்னா, நாளைக்கு யார் நம்மளை மதிப்பாங்க? நீங்க போய்ச் சொல்லுங்க, நான் தடுக்கல. துறை பேர்ல மட்டும் சொல்லாதீங்க."

அக்கா தன் பேரிலேயே போனார். திட்ட அலுவலகத்தில் இருந்த அதிகாரி இளவயதுக்காரர், மரியாதை தெரிந்தவர். நாற்காலி போடச் சொன்னார், டீ வரவழைத்தார். அக்கா மடிக்கணினியைத் திறந்து விளக்கினார். மேகம் வானத்தில் இருப்பதால் அதன் நிழல் தள்ளிப் போய் விழும், கூரையின் நிழலோ சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இங்கே பாருங்கள், நிழல் ஒட்டியிருக்கிறது. மேகம் நகரும், இது நகரவில்லை. அதிகாரி முன்னால் சாய்ந்தார். "அட, ஆமா" என்றார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். "நாம மேகம்னு நினைச்சதெல்லாம் வீடாம்யா!"

காரியம் கைகூடி வரும் நேரம். அந்த இடத்தில் அக்கா நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவருடைய தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வானத்திலிருந்து பார்த்துச் சொன்ன எதையும், தரையில் போய்ப் பார்த்த ஒரு சாட்சியாவது வைத்து உறுதி செய்ய வேண்டும். அது இல்லாத ஆராய்ச்சியை மதிக்கமாட்டார்கள். முப்பது வருடம் மாணவர்களிடம் அதைச் சொல்லிச் சொல்லி அவர் ரத்தத்தில் ஊறியிருந்தது. திரையில் ஒரு வெள்ளைப் புள்ளியைத் தொட்டு, "தரையில நானே பார்த்திருக்கேன் சார். இது என் தங்கச்சி வீடு. இந்தக் கூரைக்கு என் கண்ணு முன்னாலதான் வெள்ளை அடிச்சோம்" என்றார்.

அதிகாரி மெல்லப் பின்னால் சாய்ந்துகொண்டார்.

"உங்க சொந்தத் தங்கச்சியா மேடம்?"

"ஆமா சார்."

"அப்படின்னா கூரைக்கு வெள்ளை அடிச்சதும் நீங்க, மேகம்னு சொன்னதும் நீங்க, இப்ப வீடுன்னு சொல்றதும் நீங்க." அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அவர் முகத்தில் வருத்தம்கூட இருந்தது. "நான் நம்புறேன் மேடம். ஆனா இதை ஃபைல்ல வெச்சா, சொந்தக்காரங்களுக்காக மேப்பை மாத்தினதா என்னைத்தான் கேப்பாங்க. உங்க துறையிலிருந்து ஒரு வரி வாங்கிட்டு வாங்க, போதும்."

துறையிலிருந்து ஒரு வரி வந்தது. வரைபடம் ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவுக்குள் சரியாகவே உள்ளது என்பதுதான் அந்த வரி.

அக்கா அதோடு ஓயவில்லை. துணைவேந்தரைப் பார்த்தார். வேறு பல்கலைக்கழகங்களில் இருந்த, தன் நிரலைப் பயன்படுத்தும் பேராசிரியர்களிடம் பேசினார். எல்லோரும் சுவாரசியமாகக் கேட்டார்கள். ஒருவர், "அருமையான கேஸ் மேடம், சேர்ந்து ஒரு கட்டுரை எழுதலாமா?" என்றார். சாட்சி சொல்ல ஒருவரும் வரவில்லை. அவரவர் வரைபடத்திலும் எங்காவது ஒரு நகராத மேகம் இருக்குமோ என்ற பயம் அவரவருக்கு.

இயந்திரங்கள் வந்தன. பட்டப்பகலில், ஒழுங்காக, முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் இடித்தார்கள். எதிர்க்கரையில் வரைபடத்தில் இருந்தவர்கள் புது வீட்டுச் சாவியோடு போனார்கள். கிழக்குக் கரைக்காரர்கள் கிடைத்த திசையில் சிதறினார்கள். அக்கா ஒரு வண்டியோடு போய், "என் வீட்டுக்கு வாடி, இடம் கிடக்குது" என்றார்.

தங்கை தையல் மிஷினை வேறு வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். "கோவமெல்லாம் இல்லக்கா. உன்னால ஆனத செஞ்ச. ஆனா அன்னைக்கு அந்தப் படத்துக்கு முன்னால நின்னப்ப, என் பேச்சை விட்டுட்டு அதைத்தான் நம்பின. உன் வீட்ல இருந்தா எனக்கு தினமும் அது ஞாபகம் வரும்." அப்படித்தான் அவர் எங்கள் தெருவுக்கு வந்தார். ஒரே அறை. ஜன்னலோரம் மிஷின்.

அக்கா நிரலைத் திருத்தினார். நிழலையும் பார்த்த பிறகே மேகம் என்று முடிவு செய்யும்படி மாற்றினார். இப்போது அது கூரையை மேகம் என்று சொல்வதில்லை. திருத்திய நிரலை ஏரியின் கிழக்குக் கரைமேல் ஓடவிட்டுப் பார்த்தார். காலி நிலம் என்றது. இந்த முறை அது சரியாகவே சொன்னது.

திட்டத்தின் முடிவில் வரைபடத்தைத் தரையோடு ஒப்பிட்டுப் பார்க்க மாணவர்கள் போனார்கள். கிழக்குக் கரையில் நின்று சுற்றிலும் பார்த்தார்கள். வரைபடத்தில் காலி, தரையிலும் காலி. 'சரி' என்று குறித்துக்கொண்டார்கள். எதிர்க்கரையில் வீடு இருந்ததற்குச் சாவி கொடுத்த பட்டியலே போதும் என்று அங்கே போகவில்லை. துறைத் தலைவர் உற்சாகமாக அக்காவின் அறைக்கே வந்தார்.

"மேடம், நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு! நீங்க வீணா மனசைப் போட்டுக் குழப்பிக்கிட்டீங்க. பாருங்க, மேப்புல எப்படியோ அப்படியே இருக்கு."

அக்கா அந்த அறிக்கையில் கையெழுத்துப் போடவில்லை. அதனால் ஒன்றும் நின்றுவிடவில்லை. அவர் பெயரை எடுத்துவிட்டு அச்சடித்தார்கள். அந்த வேலையைப் பார்த்து இப்போது வேறு நகரங்களும் அதே மாதிரி வரைபடம் கேட்கின்றனவாம். அவர்களுக்குப் போவது திருத்தாத பழைய நிரல். தொண்ணூற்றைந்து எடுத்தது அதுதானே.

இதைப் படிப்பவர்கள் இன்னொருவருக்குச் சொல்லுங்கள். கூரைக்கு வெள்ளை அடித்துவிட்டு நிம்மதியாக இருக்கும் யாரையாவது தெரிந்தால் அவர்களுக்குச் சொல்லுங்கள். ஏதாவது ஓர் அலுவலகத்தில் படத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர் உங்கள் உறவில் இருந்தால், அவருக்கு முதலில் சொல்லுங்கள்.