அப்பா கொரல்ல ஒரு பக்கம்

எம் வூட்டுக்காரரு ஆரோக்கியராஜுக்குப் புஸ்தகப் பைத்தியம். கடலூருல வூடு, குடிகாட்டுல கெமிக்கல் கம்பெனி லேப்புல வேல. ஷிப்ட் முடிஞ்சி வந்தா மத்த ஆம்பளைங்க மாதிரி போனத் தேய்க்க மாட்டாரு, புஸ்தகத்தத் தொறந்துக்குவாரு. குமராட்சிப் பக்கம் நடவு, அறுப்புன்னு கூலிக்குப் போன குடும்பத்துல மொதமொதல்ல காலேஜ் படியேறுன ஆளு. அந்தக் கர்வம் கொஞ்சம் உண்டு. இருந்துட்டுப் போவட்டும், நானே அதுல மயங்கித்தான் கட்டிக்கிட்டேன்.

மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழம சிதம்பரத்துல இளவரசு வக்கீலு ஆபீஸ் மாடியில வாசகர் கூட்டம் நடக்கும். எல்லாரும் ஒரே நாவலப் படிச்சிட்டு வரணும். புடிச்ச பக்கத்த, அதுல வர்ற ஆளுங்க கொரல்லயே வாசிச்சிக் காட்டணும். அது அங்க வழக்கம். வக்கீலு, புரொபசரு, டாக்டரூட்டு அம்மா, இவுங்க நடுவுல தனக்கும் ஒரு மதிப்பு வேணும்னு எம் வூட்டுக்காரருக்கு அப்பிடி ஒரு ஏக்கம். அந்த மாசத்து நாவலு அவரு எடுத்துக் குடுத்தது. பத்தொம்பதாம் நூற்றாண்டுல வந்து, யாரும் கண்டுக்காமப் போன நாவலு. அதத் தலைமேல வெச்சிக்கிட்டு ஆடுனாரு.

அன்னிக்குன்னு பாத்து எம் மாமனாரு பக்கிரியையும் கூட்டிக்கிட்டுப் போவவேண்டியதாப் போச்சி. காலையில சிதம்பரத்துல கண் முகாம். சொட்டு மருந்து ஊத்திட்டாங்க, மனுசனுக்கு எதப் பாத்தாலும் மசமசன்னு இருக்கு. தனியா மினிபஸ்ல எப்பிடி ஏத்தி வுடறது? "செத்த நேரம் குந்தியிருங்க மாமா, முடிஞ்சதும் ஊருக்குப் போயிடலாம்"னு கடைசி நாற்காலியில ஒக்கார வெச்சி, நானும் பக்கத்துல ஒக்காந்தேன். எம் வூட்டுக்காரரு மொத வரிசைக்குப் போயிட்டாரு. திரும்பிக்கூடப் பாக்கல.

புரொபசர் காயத்ரி ஆரம்பிச்சாங்க. "பாதிக்கு மேல என்னால நகர முடியல. கதை எங்கங்க இருக்கு? ஒரே உபதேசம்!" இளவரசு வக்கீலு, "அந்தக் காலத்துலயே ஒரு விதவையப் படிக்க வெச்சிருக்காரே, சும்மாவா?"ன்னாரு. "படிக்க வெச்சி என்ன பிரயோசனம், கடைசியில கெணத்துல தள்ளிட்டாரே"ன்னு டாக்டரூட்டு அம்மா சண்டைக்கே வந்துட்டாங்க. ஒருத்தரு அட்டப்படம் நல்லாருக்குன்னாரு. அட்டப்படமாம்! எனக்கு வந்துச்சே ஒரு கோவம். எம் வூட்டுக்காரருக்குச் சட்ட முதுவெல்லாம் நனைஞ்சிப் போச்சி. "இதப் போயி ஏன் எடுத்தாரு?"ன்னு காயத்ரி பக்கத்துல இருந்தவங்கள்ட்ட கேட்டது கடைசியில இருந்த எனக்கே கேட்டுச்சி. அவருக்குக் கேக்காம இருக்குமா?

சட்டுனு எழுந்தாரு. "ஒரு பக்கம் வாசிக்கிறேன்"னாரு. நாவல்ல பண்ணையாரு ஒரு சேதி சொல்லி ஆளனுப்புறாரு. போயிட்டு வந்த பண்ணையாளு பயத்துல பதில மறந்துட்டு நிக்கிறான். சிரிக்கணும்னே எழுதுன பக்கம். எம் வூட்டுக்காரரு கர்ச்சீப்ப எடுத்துக் கக்கத்துல இடுக்கிக்கிட்டாரு. ஒரு செருமல் செருமி, பொடனியச் சொறிஞ்சாரு.

"அது வந்துங்க ஆண்டே... வந்துங்க... நா கீழ நிக்கிறேனுங்க..."

மாதாவே! அது எம் மாமனாரு. அந்தச் செருமலு, பொடனி சொறியறது, 'வந்துங்க'ன்னு இழுக்கறது, அப்பிடியே உரிச்சி வெச்ச மாதிரி. மாடியே சிரிச்சிது. காயத்ரி கண்ணத் தொடச்சிக்கிட்டுச் சிரிக்கிறாங்க. கை தட்டுறாங்க. எனக்கு மாமா மொகத்தப் பாக்க தைரியம் வரல.

"எப்பிடிங்க இவ்ளோ தத்ரூபமா? யாரப் பாத்துக் கத்துக்கிட்டீங்க?"ன்னாரு வக்கீலு.

"எங்க ஊருல ஒரு ஆளு இருந்தாரு சார்."

இருந்தாராம்!

வக்கீலு எதேச்சையாத் திரும்பி எங்களப் பாத்துட்டு, "பின்னாடி பெரியவரு யாரு? உங்க அப்பாவா?"ன்னு கேட்டாரு. எல்லாரும் திரும்பிட்டாங்க. ஆமான்னு ஒரு வார்த்த. அதுக்கு எம் வூட்டுக்காரருக்கு வாய் வரல. தண்ணி பாட்டில எடுத்து மூடியத் திருவிக்கிட்டு நிக்கிறாரு.

மாமா எழுந்திருச்சாரு. தோள்ல கெடந்த துண்டு கக்கத்துக்குப் போச்சி. பொடனியச் சொறிஞ்சாரு. "இல்லிங்க சார். நா ஊர்க்காரன். கண்ணு காட்ட வந்தேன், இந்தப் பொண்ணு தொணைக்கி வந்துச்சி. நா கீழ நிக்கிறேனுங்க."

"அட, அதே மாதிரி பேசுறாரே!"ன்னு யாரோ சிரிச்சாங்க. எனக்குத் தலையக் கொண்டு எங்கயாவது முட்டிக்கலாம்னு இருந்துச்சி. கையப் புடிச்சிப் படியில எறக்கிக் கூட்டிக்கிட்டு வந்தேன்.

எம் வூட்டுக்காரரும் பின்னாலயே வந்து மினிபஸ்ஸுல ஏறுனாரு. ஊருக்குப் போயி எறங்குனதும் எம் மாமியாரு சவரியம்மாள் வாசலுக்கே வந்துட்டாங்க. "டாக்டரு என்னா சொன்னாரு?"

"அது கெடக்குடி," மாமாவுக்கு மொகம் கொள்ளாத சிரிப்பு. "உம் புள்ள இன்னிக்கி என்னாட்டமே பேசுனாண்டி! அவ்ளோ படிச்சவங்களும் கை தட்டுறாங்க. எங்க, ஆத்தாளுக்கு ஒருதரம் செஞ்சி காட்டு."

"செய்யி ராசா, நானும் பாக்குறேன்"னு மாமியாரு ஆசையாக் கேட்டாங்க.

எம் வூட்டுக்காரரு வாசல்ல நின்னாரு. தொண்டையச் செருமுனாரு. கை தானாப் பொடனிக்குப் போச்சி. "அது வந்து... அப்பா... வந்து..." அதுக்கு மேல பேச்சு வரல.

"பாத்தியா, இதேதாண்டி! இதேதான்!"னு மாமா தொடையத் தட்டிச் சிரிச்சாரு. சொட்டு மருந்து ஊத்துன கண்ணு, புள்ள அழுவுறது அவருக்குத் தெரியல.