அம்பாசிடருக்கு ஒரு பட்டை கூடுதல்

இன்று காலை சிறுவாச்சூர் கோயிலுக்குப் போகும்போது, பாதி வழியில் என் காரை விட்டு மாமியார் இறங்கிவிட்டார்!

(சண்டை எல்லாம் இல்லை. இடுப்பு வலி.)

புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். குரும்பலூரில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு பழைய அம்பாசிடர் நிற்கிறது. துருப்பிடித்த கூடாக வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாக நான் உயிர் கொடுத்த வண்டி.

எஞ்சின் முடிந்தது. பெயின்ட் முடிந்தது. சீட் கவர் நானே தைத்தது (தையல் கடைக்காரி சும்மா இருப்பேனா!).

மிச்சம் இருந்தது பின்பக்க சஸ்பென்ஷன் மட்டும்தான்.

ஸ்பீடு பிரேக்கர் ஏறினால் பின்சீட்டில் இருப்பவர் கூரையைத் தொட்டுவிட்டுத்தான் உட்காருவார். அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, ஏற்கெனவே முதுகில் டிஸ்க் பிரச்சினை. ஒரு தடவை ஏறினார், அவ்வளவுதான்.

"ஏறி உக்கார முடியாத வண்டி வூட்டு வாசல்ல எதுக்கு தேனு?"

கணவர் அதற்குள் வண்டியை விற்கத் திருச்சியில் ஆள் பார்த்துவிட்டார். நாளைக்கு, செவ்வாய்க்கிழமை, அவர் வண்டி பார்க்க வருவதாகப் பேச்சு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். "திங்கக்கெழம அம்மாவ கோயிலுக்குக் கூட்டிட்டுப் போ. வலியில்லாம வந்து எறங்குனாங்கன்னா வண்டி இருக்கட்டும். இல்லன்னா குடுத்துடலாம்."

சரி என்று சனிக்கிழமை அரியலூர் போனேன்.

அம்பாசிடரின் பின்பக்கம் கமான் பட்டைகள்தான். லாரியில் பார்த்திருப்பீர்கள், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய வளைந்த இரும்புப் பட்டைகள். என் வண்டியில் அவை வளைவு போய்த் தட்டையாகி, ஒவ்வொரு குழியிலும் ஆக்ஸில் நேராகப் போய் மேலே இடித்தது.

சிமென்ட் ஆலைக்குக் கல் ஏற்றும் டிப்பர்கள் ஓடும் ஊர் அரியலூர். பட்டை வேலைக்கு அங்கே பஞ்சமே இல்லை. பட்டறைக்காரர் சேவியர் அண்ணன்.

"அண்ணே, பட்டையப் பழையபடி வளைச்சு, ரப்பர் புஷ் மாத்திக் குடுங்க. மெத்துனு போவணும்."

"லோடு எவ்வளவும்மா ஏத்துவீங்க?"

"லோடா? எங்க மாமியாரு மட்டுந்தாண்ணே."

சிரித்துக்கொண்டே அடியில் போனார். நான் டீ குடித்து, பஜாரில் லைனிங் துணி வாங்கித் திரும்பி வந்தால், வண்டியின் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது! தொட்டியில் தண்ணீர் குடிக்கக் குனிந்த மாடு மாதிரி!

"ஒரு பட்டை சேத்துப் போட்டுருக்கேம்மா. ஜீப்பு பட்டை, நல்ல கனம். இனிமே எவ்வளவு ஏத்துனாலும் உக்காராது."

"நான் மெத்துனு தானேண்ணே கேட்டேன்! லோடு இல்லாம போனா இது தூக்கித் தூக்கிப் போடுமே!"

"எங்கிட்ட வர்றவங்க எல்லாம் கூட்டித்தாம்மா போடச் சொல்லுவாங்க. கொறைக்கச் சொல்லி ஒருத்தரும் வந்ததில்ல. நாளைக்கு சர்ச்சுக்குப் போவணும், திங்கக்கெழம ஒரு டிப்பர் வேல இருக்கு. செவ்வாக்கெழம வாங்க, கழட்டித் தரேன்."

செவ்வாய்க்கிழமைதான் திருச்சி ஆள் வருகிறார்!

வேறு வழியில்லாமல் இன்று காலை அத்தையை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பின்சீட்டில் அவர் ஒருவர் மட்டும். மடியில் மாவிளக்குக்குக் கோயிலிலேயே இடிக்க ஊறவைத்த அரிசி.

முதல் ஸ்பீடு பிரேக்கர். "அம்மாடி!"

இரண்டாவது. "ஐயோ தேனு!"

மூன்றாவதில் கண்ணாடியில் பார்த்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குப் பாவமாகிவிட்டது. வண்டி போனால் போகட்டும் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன்.

"நிறுத்தும்மா. நான் பஸ்ல வரேன்."

பஸ் ஸ்டாப் ஓரமாக நிறுத்தினேன். சிறுவாச்சூரில் திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கும் என்பது உங்களுக்கே தெரியும். ஸ்டாப்பில் எங்கள் தெருப் பெண்கள் கூடையும் தேங்காயுமாக நின்றிருந்தார்கள். அத்தை இறங்கிப் போய் அவர்களோடு நின்றுகொண்டார்.

பஸ் வந்தது. படியில் ஆள் தொங்கியது. நிற்காமலேயே போய்விட்டது!

அத்தை பஸ்ஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பக்கத்தில் நின்றவர்களையும் பார்த்தார்.

"கூடையோட நிக்கிறவங்கள உட்டுட்டு நாம மட்டும் போனா நல்லாவா இருக்கும்? ஏறுங்கடி எல்லாரும்!"

பின்னால் நான்கு பேர், முன்னால் இரண்டு பேர், எல்லார் மடியிலும் கூடை. தூக்கிக்கொண்டு நின்ற பின்பக்கம் மெதுவாக இறங்கி மட்டத்துக்கு வந்தது.

அடுத்த ஸ்பீடு பிரேக்கரில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வண்டி ஏறியது, இறங்கியது. பின்னால் ஒருத்தர் மருமகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த கதையில் ஒரு சொல் கூட இடறவில்லை!

பெரம்பலூர் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். மற்ற மூன்று பேருக்கு நடுவில் ஒடுங்கிக்கொண்டு அத்தை தூங்கிக்கொண்டிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. (ஆமாம், ஒரு கமான் பட்டைக்காக!)

கோயில் வாசலில் இறங்கியதும் கணவர் போன். "அம்மாவுக்கு வலி இருக்கா? திருச்சிக்காரர் கேக்கறாரு, நாளைக்கு வரலாமான்னு."

அத்தை கையை நீட்டிப் போனை வாங்கினார்.

"வண்டி விக்கிறதா இல்லன்னு சொல்லிடுப்பா. வெள்ளிக்கெழமைக்கு எல்லாருக்கும் வாக்குக் குடுத்துட்டேன்."

எனக்கு மனசு கேட்கவில்லை. "அத்தை, நாளைக்கு அரியலூர் போயி அந்தப் பட்டையக் கழட்டிட்டா, நீங்க தனியா வந்தாலும் மெத்துனு இருக்கும்" என்றேன்.

"தனியா வந்து நான் யாருகிட்ட பேசுறது?"

இப்போதுதான் வீடு வந்து சேர்ந்தோம். அதற்குள் எதிர்வீட்டு அக்கா, அவர் நாத்தனார், நாத்தனாரின் சம்பந்தி எல்லாரும் வெள்ளிக்கிழமைக்கு இடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

சேவியர் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"கழட்ட நாளைக்கு வரீங்களாம்மா?"

"இல்லண்ணே... இன்னொரு பட்டை போட எடம் இருக்கா?"