அக்கா வாங்கிய சாவியில்லாத சக்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு நானும் எழுத வேண்டும் என்று அக்காவின் மகள் கேட்டாள். அவருடைய அன்பையும் பொறுமையையும் பற்றி உறவினர்கள் மற்ற பக்கங்களில் எழுதியிருக்கிறார்கள். எனக்கு எழுத இருப்பது வேறு. வாழ்நாள் முழுவதும் நான் அக்காவைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன். அதை மறைத்துவிட்டு எதை எழுதினாலும் பொய்யாகிவிடும்.

அக்கா பிறந்தது கருமத்தம்பட்டியில். அப்பாவுக்கு நான்கு விசைத்தறிகள். நெய்து இறக்கிய துணியில் எங்கே இழை விட்டிருக்கிறது என்று பார்க்க அப்பா அக்காவைத்தான் கூப்பிடுவார். நானும் பக்கத்தில் போய் நிற்பேன். வெளிச்சத்தை மறைக்காதே என்று என்னைத் தள்ளி நிற்கச் சொல்வார். எனக்கு அப்போது ஏழு வயது. பொறாமை அங்கே தொடங்கியது.

அக்கா பாலிடெக்னிக் முடித்து, கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் சேர்ந்தார். நான் கணபதியில் லேத் பட்டறை வைத்தேன். அந்தக் கம்பெனிக்கு நான் கடைந்து கொடுத்த முதல் லாட் பம்ப் ஷாஃப்டுகள் அக்காவின் மேசைக்கே போயின. அளவு சரியில்லை என்று அத்தனையையும் திருப்பி அனுப்பிவிட்டார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "அளவு தப்புன்னா தப்புதான் கண்ணு. உன்னுதுன்னு உட்டுப்போட்டா, நாளைக்கு யாருதையும் நிறுத்த முடியாது" என்றார். ஆறு மாதம் நான் அவரோடு பேசவில்லை.

மச்சான் திடீரென்று காலமானபோது மகள் ஆறாம் வகுப்பில் இருந்தாள். மதுக்கரை வீட்டிலிருந்து அக்கா இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போய், அவளைப் படிக்க வைத்துக் கல்யாணமும் செய்து கொடுத்தார். ஒரு நாளும் என்னிடம் உதவி என்று வந்ததில்லை. அதுவும் எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

ஓய்வு பெற்றதும் இரும்பைச் செதுக்கவும் துளைக்கவும் பழைய சிறிய மில்லிங் மெஷின் ஒன்றை வாங்கி, கார் இல்லாத கார் ஷெட்டில் நிறுத்தினார். கிரைண்டர் தண்டுக்குப் புஷ் வளையம், வயதானவர்களின் வாக்கருக்குச் சக்கரம் என்று தெருவே அங்கு வர ஆரம்பித்தது. ஒரு கல்யாணத்தில் சொந்தக்காரர்கள் என்னைப் பிடித்து வைத்துக்கொண்டு அக்காவின் மெஷினைப் பற்றியே விசாரித்தார்கள். என் பட்டறையில் ஓடும் ஐந்து லேத்தைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. பந்தியில் உட்காராமலே வீடு திரும்பினேன்.

பிறகு அக்காவுக்கு மூட்டுவாதம் வந்து விரல்கள் வீங்கின. துளை போடும் டிரில் பிட்டைப் பிடித்துக்கொள்ளும் சக் என்ற பாகத்தைச் சாவி போட்டு இறுக்க வேண்டும். அந்தச் சாவியைத் திருகக் கையில் வலு இல்லை. கையாலேயே இறுக்குகிற, சாவியில்லாத சக் ஒன்று பார்த்துச் சொல்லும்படி எனக்குப் போன் செய்தார். அக்கா என்னிடம் கேட்ட முதல் உதவி அது.

நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் பட்டறையில் அப்படி ஒரு சக் கிடந்தது. பிட்டின் முனை ஆடுகிறது என்று நானே கழற்றிப் போட்டது. அதை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துப் பளபளவென்று கொண்டுபோய்க் கொடுத்தேன். துளைகள் பிசகும், அக்காவின் கை போய்விட்டது என்று நாலு பேர் சொல்வார்கள், மெஷின் நின்றுவிடும். அதுதான் என் கணக்கு.

மூன்று நாள் கழித்துப் போனேன். சக்கில் ஒரு கம்பியைப் பிடித்து, அதன் மேல் ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜை வைத்திருந்தார். சக் மாட்டிய ஸ்பிண்டிலைக் கையால் சுற்றினார். முள் போய்ப் போய் வந்தது.

"இது ஆடுதுன்னு உனக்குத் தெரியுமா தம்பி?"

"தெரியுமுங்க்கா" என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

வெகுநேரம் என்னைப் பார்க்காமல் கேஜைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். பிறகு, "செரி, வண்டிய எடு. வேற பாத்து வாங்கியாரலாம்" என்றார்.

டவுனில் கடைக்காரர் என்னிடமே பேசினார், பதில் அக்கா சொன்னார். தன் மெஷின் சிறியது என்பதால் நீளமான சக்குகளை முதலிலேயே ஒதுக்கினார். மெஷினில் மாட்டும் தண்டு தனி, சக் தனி என்று இருந்தவற்றையும் வேண்டாம் என்றார். இரண்டும் ஒரே துண்டாக இருந்தால் ஆட்டம் குறையுமாம். மூன்று மிஞ்சின. துளை போடப் போட இவை தாமாகவே இறுகிக்கொள்ளும், திறப்பதுதான் கஷ்டம் என்று எனக்கு விளக்கினார். லேத்தில் முப்பது வருஷம் நின்றவனுக்கு.

"நீ இறுக்கு, கண்ணு. உன்னால ஆன மட்டும் இறுக்கு. நான் தெறக்கறேன்."

இறுக்கினேன். முதல் இரண்டும் அவருக்குத் திறக்கவில்லை. மூன்றாவதில் பிடிக்கும் இடத்தில் ஆழமான வரிகள் இருந்தன. வீங்கிய விரல்களால் பற்றி, உதட்டைக் கடித்துக்கொண்டு திருப்பினார். திறந்தது. விலை அதிகமான இரண்டையும் விட்டுவிட்டு அதையே வாங்கினார்.

அதற்குப் பின் இரண்டு வருஷம், ஷெட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம், "என்ற தம்பி பாத்து வாங்கிக் குடுத்ததுங்க" என்று அந்தச் சக்கைக் காட்டினார். நான் கொடுத்த பழையதைப் பற்றி என் மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. இப்படி ஒரு மனம் எனக்கு ஏன் வாய்க்கவில்லை என்று அதற்கும் பொறாமைப்பட்டேன்.

போன வருஷம் அக்காவுக்குக் காய்ச்சலாகத் தொடங்கியது நுரையீரலைப் பிடித்துக்கொண்டது. பதினோரு நாள் மருத்துவமனையில் இருந்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பத்து நாளும் நினைத்தேன். பதினோராம் நாள் விடியும்போது அக்கா இல்லை.

அக்காவை இரவு பகலாகக் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், எங்களுக்கு வேளை தவறாமல் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், இறுதிக் காரியங்களில் தோள் கொடுத்த உறவினர் நண்பர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னொருவருக்கும் சொல்ல வேண்டும். காரியம் முடிந்த மறுநாள், குக்கர் கைப்பிடி ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு ஒரு பெரியவர் வாசலுக்கு வந்தார். "ஏனுங்க, அம்மணி இல்லீங்களா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். அப்படியே ஷெட் வாசலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அன்றுவரை எனக்கு அழுகை வரவில்லை. அவரைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பிறகுதான் எனக்கும் வந்தது. நான் பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாத அந்தப் பெரியவருக்கு என் நன்றி.