காலித் தொட்டில்களுக்குச் சான்றிதழ்

ஸ்டெல்லா மேடம் இறந்த செய்தியை எனக்குச் சொன்னது தேவி. ஒரகடம் பக்கம் வாடகை மாடியில் குழந்தைகள் காப்பகம் நடத்தி வந்தவள். அதற்குச் சீல் வைத்ததே மேடம்தான். "அக்கா, நம்ம மேடம் பூட்டாங்களாம்க்கா. நெஞ்சு வலின்னு படுத்தவங்க எழுந்துக்கவே இல்லியாம்" என்று சொல்லி அழுதாள். அடுப்பிலிருந்த பாலைப் பொங்கவிட்டு நின்றேன்.

காப்பகங்களை ஆய்வு செய்யும் வேலையில் பல ஆண்டுகள் அவரோடு சுற்றியவள் நான். அவர் ஆய்வு செய்யும் அழகு நம் துறையில் இருக்கும் உங்களுக்கும் தெரிந்திருக்கும். உள்ளே போனதும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவார். குழந்தையின் உயரத்திலிருந்து பார்த்தால்தான் பிளக் பாயின்டும் மேசை முனையும் கண்ணில் படும் என்பார். முழங்கால் வலிக்காரர் என்பதால் எழுந்திருக்க என் தோள் வேண்டும். "கவர்மென்ட் எனக்குக் குடுத்த ஒரே சலுகை உன் தோள்தான்மா" என்று சீண்டுவார்.

ஒருமுறை ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் காப்பகத்துக்குப் போனோம். சுவரில் யானையும் முயலும், வரிசையாகத் தொட்டில்கள், தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி. எங்கள் படிவம் கேட்ட எல்லாமே இருந்தன. குழந்தைதான் இல்லை. மெத்தைகளின் பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை.

"பிள்ளைங்க எங்க சார்?" என்று மேடம் கேட்டார்.

"வராதுங்க மேடம். கம்பெனி பஸ்ல குழந்தைய ஏத்தக் கூடாது. கான்ட்ராக்ட் லேபருக்கு இந்த வசதியும் கெடையாது" என்றார் அங்கிருந்த அதிகாரி. உற்பத்தி லைனில் நின்று வேலை செய்த பெண்களோ பெரும்பாலும் கான்ட்ராக்ட்.

மேடம் ஆட்சேபத்தை எழுதிவிட்டுச் சான்றிதழில் கையெழுத்தும் போட்டார். ஜீப்பில் ஏறியதும், "குழந்தையே இல்லாத இடந்தான்மா குழந்தைக்கு ரொம்பப் பாதுகாப்பா இருக்குது" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அந்தப் பெண்களின் பிள்ளைகள் இருந்தது தேவியின் மாடியில். கீழே வெல்டிங் கடை. ஏறி இறங்க ஒரே ஓர் இரும்புப் படிக்கட்டு. தீப்பிடித்தால் ஒரு பிள்ளையும் கீழே வராது. மேடம் அவகாசம் கொடுத்தார், மறுபடியும் கொடுத்தார். இன்னொரு படிக்கட்டு வைக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவே இல்லை. சீல் வைத்த அன்று தேவி கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா மேடம், நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷிப்டுக்கு இதுங்கள எங்க வுட்டுட்டுப் போவாங்க?"

"தெரியலம்மா. ஆனா நெருப்பு மேல வெச்சிக்கினு இருக்க முடியாது."

மறுநாள் மேடத்துக்கு விடுப்பு. எந்த விதியும் போகச் சொல்லவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு, அந்தப் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று தெருத்தெருவாகத் தேடினார். சில பிள்ளைகள் பக்கத்து வீட்டில் இருந்தார்கள். ஓர் அறைக்கு வெளியே பூட்டு தொங்கியது. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ஒரு பெண் குழந்தை நின்றிருந்தாள்.

"அம்மா எப்ப வருவாங்க கண்ணு?"

"பஸ்சு வந்தா."

பூட்டை உடைத்துவிடலாம் என்றேன். "உடைச்சிட்டு எங்க கூட்டினு போவ?" என்று கேட்டார். தொட்டில்கள் இருந்த இடம் எங்கள் இருவருக்கும் தெரியும். போக வழிதான் இல்லை. மேடம் ஜன்னலுக்குக் கீழே தெருவிலேயே உட்கார்ந்து, கம்பிக்குள் பிஸ்கட்டை நீட்டி, பஸ் வரும்வரை அவளோடு பேசிக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் ஆத்திரப்படுவது என்றுதான் தெரியவில்லை.

அன்று தொடங்கிக் கம்பெனி கம்பெனியாகக் கெஞ்சினார். பிள்ளைகளை ஏற்றிக்கொள்ள ஒரு பஸ், எல்லாப் பெண்களுக்கும் திறந்த ஒரு காப்பகம், அவ்வளவுதான் கேட்டார். பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். பரிசீலனை முடியவில்லை, மேடம்தான் முடிந்து போனார்.

இப்போது அவர் நாற்காலியில் நான். போன வாரம் நானும் ஒரு காப்பகத்தை மூடினேன். மூடாமல் விட்டிருக்க முடியாது. மறுநாள் அந்தப் பிள்ளைகளைத் தேடிக்கொண்டு போனேன். மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இப்படிப் போய்ப் பார்க்கிற பழக்கம் ஒன்றுதான். பார்த்த பிறகு என்ன செய்வதென்று அவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருப்பார்.