கடமான் கொம்பும் கைநாட்டும்

"கொம்பு தானா வுளுந்துருமுன்னு எந்தப் பொஸ்தகத்துல போட்டிருக்குது, எடுத்துக் காட்டு பாப்பா" என்று அந்தக் காட்டுக்காவலர் என்னிடம் கேட்டபோது, எங்கள் வாசலில் நனைந்த எலும்பின் வாடை இன்னும் போகாமல் நின்றது. கடமான் கொம்பைத் தண்ணீர் விட்டுக் கல்லில் உரைத்தால் வருகிற வாடை அது. கல் ஈரமாக இருந்தது. என் உள்ளங்கை வெளுத்திருந்தது. கொம்பை ஒளித்து வைக்க வேண்டும் என்று எங்களுக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

அப்போது நான் எட்டாம் வகுப்பு. சித்தேரி மலையடியில் இருக்கும் எங்கள் ஊரில், எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டத் தெரிந்த முதல் ஆள் நான்தான். அந்தப் பெருமையை மறைக்கத் தெரியாத வயது. இன்றைக்கும் முழுக்கத் தெரியவில்லை. அப்பா அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு மலைக்குப் போய்ப் புளியும் கடுக்காயும் கொண்டு வருவார். அதற்கு மூன்று வருடம் முன்பு ஒரு பங்குனியில், புளி உலுக்கப் போனவர் காய்ந்த ஓடையில் கிடந்த அந்தக் கொம்பைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். என் கை நீளத்துக்கும் மேலே, மூன்று கிளையோடு, பழுப்பேறிக் கிடந்தது. "கெளைக்கு ஒரு வயசு, மூணு வயசு மானு" என்று அம்மா கணக்குச் சொன்னார். அப்பா சிரித்தார். எத்தனை வயதானாலும் கடமானுக்கு மூன்று கிளைதான் என்றார். வருடா வருடம் அது விழுந்து வேறு முளைக்கும் என்றார். "கொம்பு வுளுந்ததுன்னா அதுக்கு வெக்கம் கண்ணு. புதுசு மொளைக்கிற மட்டும் பொதரை வுட்டு வெளிய வராது" என்று அவர் சொன்னதைக் கேட்டு, மொட்டைத் தலையோடு புதருக்குள் உட்கார்ந்திருக்கும் கடமானை நினைத்து நான் பல நாள் சிரித்திருக்கிறேன்.

நெஞ்சுக்குத்துக்கும் வீக்கத்துக்கும் மான்கொம்பு உரைத்துப் பற்றுப் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். எங்கள் வீட்டில் கொம்பு இருக்கிறது என்று தெரிந்ததும் கிண்ணத்தோடு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். உரைத்துக் கொடுப்பது பள்ளிக்கூடம் விட்டு வந்தபின் என் வேலை. கிளை நுனியை உரைத்தால் கை வழுக்கும். நுனிகளுக்குப் பக்கத்தில் ஏதோ உளியால் கீறியது போல ஜோடி ஜோடியாகப் பள்ளங்கள் வேறு. அதனால் அங்கே விரல்களை வைத்துப் பிடித்துக்கொண்டு, அகலமாக இருந்த அடிப்பக்கத்தைத்தான் கல்லில் வைத்துத் தேய்ப்பேன். ஆரம்பத்தில் அந்த அடி புடைப்பாக, சொரசொரவென்று இருந்தது. மூன்று வருடத்தில் அதைத் தோசைக்கல் மாதிரி தட்டையாக்கிவிட்டேன்.

காவலர் கொம்பைத் திருப்பி முதலில் பார்த்தது அந்த அடியைத்தான். "ரம்பம் போட்டு அறுத்திருக்குதே. சுட்டியா, கண்ணி வெச்சியா?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பா, "கீழ கெடந்துதுங்க, எடுத்தாந்தேனுங்க" என்பதையே மூன்று முறை சொன்னார். அடியைத் தேய்த்தது நான் என்று சொன்னேன். கொம்பு தானாக விழும் என்றும் சொன்னேன். அப்போதுதான் அவர் புத்தகத்தைக் கேட்டார். நான் உள்ளே ஓடி அறிவியல் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். மான் இலை தழை தின்னும் பிராணி என்று ஒரு வரி இருந்தது; ஒரு படம் இருந்தது; படத்து மானின் தலையில் கொம்பு அப்படியே இருந்தது. கொம்பு விழும் என்று எங்கும் இல்லை. புத்தகத்தை மூடிக்கொண்டு வெளியே வந்த அந்த நான்கு அடி தூரத்தை என்னால் மறக்க முடியவில்லை.

அதற்குள் அவர் ஒரு தாளில் எழுதி முடித்திருந்தார். அப்பாவின் கட்டைவிரலில் மை தடவியாகிவிட்டது. நான் எட்டிப் பார்த்து வாசித்தேன்: கடமானைக் கொன்று கொம்பை அறுத்து எடுத்ததை ஒப்புக்கொள்கிறேன் என்று இருந்தது. "வெக்காதீங்கப்பா, கொன்னதா எழுதியிருக்குது" என்றேன். அப்பா என்னைப் பார்க்காமல், "வெச்சுட்டா இத்தோட போயிரும் கண்ணு. இல்லாட்டி இளுத்துக்கிட்டுப் போவாங்க" என்று விரலை அழுத்தினார்.

இத்தோடு போகவில்லை. கொம்பும் போயிற்று, அனுமதிச் சீட்டும் போயிற்று. மலைக்குள் கால் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பிறந்ததிலிருந்து மரத்தையும் தழையையும் பார்த்தே வளர்ந்த மனிதர் நல்லம்பள்ளிப் பக்கம் கல் உடைக்கப் போனார். டீக்கடையில் சின்னக்கண்ணு மாமாவுக்கு இதுவே பேச்சு. "கெடாயைப் பாத்துக் கட்டுங்கடா. தலப்பா மாதிரி கொம்பை அவுத்து வெச்சுட்டுப் போயிரப் போவுது" என்பார்; எல்லோரும் சிரிப்பார்கள். பற்றுப் போட்டுக்கொண்டு நெஞ்சுவலி தீர்ந்தவர்களும் சிரித்தார்கள்.

இப்போது தருமபுரிக் கல்லூரியில் விலங்கியல் படிக்கிறேன். போன வருடம் ஆய்வகத்தில் ஒரு கடமான் கொம்பைக் கைமாற்றிக் காட்டினார்கள். அடி புடைப்பாக, சொரசொரவென்று இருந்தது. தானாக விழுந்த கொம்பின் அடி அப்படித்தான் இருக்கும் என்றார் ஆசிரியை. நுனிப்பக்கம் என் விரல் தானாகப் போயிற்று. அதே ஜோடிப் பள்ளங்கள். காட்டில் வெகுநாள் கிடக்கும் கொம்பைச் சுண்ணாம்புச் சத்துக்காக முள்ளம்பன்றி வந்து கொறிக்கும், அந்தப் பல்தடம் இது என்றார். கொன்று அப்போதே அறுத்த கொம்பில் அது எப்படி இருக்கும்? சாட்சியின் ஒரு முனையை நான் தேய்த்து அழித்தேன். மறு முனையை மூன்று வருடம் விரலால் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை பஸ்ஸில் வரும்போதே அப்பாவுக்கு எப்படி விளக்குவது என்று வாக்கியம் அமைத்துக்கொண்டு வந்தேன். கல் தூசி படிந்த காலைக் கழுவிக்கொண்டிருந்தவர் பொறுமையாகக் கேட்டார்.

"முள்ளம்பன்னி கடிச்சதுதான் கண்ணு. எடுக்கும்போதே பாத்தேனே."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்லீங்களாப்பா?"

"அவரு பொஸ்தகத்தைக் கேட்டாரு. நீயும் பொஸ்தகத்தைத் தேடுன. என்னை யாரு கேட்டாங்க?"

அவர் குரலில் கோபம் இல்லை.

சென்ற மாதம் வன அலுவலகத்துக்குப் போனேன். கொம்பு அங்கே சுவரில் மாட்டியிருந்தது. அதில் யாருடைய தொப்பியோ தொங்கியது. தொப்பிக்குக் கீழே பல்தடங்கள் அப்படியே இருந்தன. எங்கள் மலைச் சரிவில் கடமானைப் பார்த்ததாக இப்போதெல்லாம் ஆடு மேய்ப்பவர்கள்கூடச் சொல்வதில்லை. கொம்பு உரைத்த கல்லில் அம்மா மஞ்சள் உரைக்கிறார்.

திரும்பி வந்து, கொம்பு கீழே கிடந்ததுதான், அனுமதிச் சீட்டைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு மனு எழுதினேன். கல்லூரிப் புத்தகத்தின் பெயரை முதல் வரியில் போட்டிருந்தேன். பிறகு அதை அடித்துவிட்டு, அப்பா சொல்வதாக, 'நான் கண்டதைச் சொல்ல, என் மகள் எழுதியது' என்று தொடங்கினேன். இரண்டு தடவை வாசித்துக் காட்டச் சொன்னார் அப்பா. "ஓடைன்னு போட்டிருக்குற, அது எந்த ஓடைன்னும் போடு" என்று திருத்தினார். அதன் பிறகே கட்டைவிரலை நீட்டினார். மை தடவியது நான். நேற்று அந்த மனுவை அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வந்துவிட்டேன்.