தகரத்தின் மேல் கீற்று

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். தெருவில் நிமிர்ந்துதான் நடப்பேன். ஆனால் நெருப்பெரிச்சல் என்ற ஊர்ப் பக்கம் நாங்கள் குடியிருந்த வரிசைக்குத் தொண்ணூறுகளின் பாதி கடந்தும் கரண்ட் வரவில்லை. அம்மா பனியன் கம்பெனியிலிருந்து வெள்ளைப் பனியன்களை மூட்டையாகக் கொண்டுவந்து, சிம்னி விளக்கடியில் பிசிறு நூல் வெட்டுவாள். விளக்குக் கரி பட்ட பனியன் டேமேஜ் என்று திரும்பி வரும். இன்னொரு தடவை கரி பட்டால் உனக்கு மூட்டையே கிடையாது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் எங்கள் பஞ்சாயத்துக்கு ஒரு பெண் தலைவர் வந்தார். முன்பு கம்பெனியில் அம்மாவோடு ஒரே டேபிளில் செக்கிங் பார்த்தவர். "ஜெயிச்சா மொதல்ல உங்க வரிசைக்குத்தானுங்க கரண்ட்" என்று சொல்லி ஓட்டுக் கேட்டிருந்தார். சொன்னபடி கரண்ட் ஆபீஸ்காரரைக் கூட்டியும் வந்துவிட்டார். குடிசைகளுக்கு இலவசமாக ஒரு பல்பு.

எங்கள் வாசலில் நின்று ஆபீஸ்காரர் கேட்டார். "இது குடிசைதானேம்மா?"

"இல்லீங்க, ஊடுங்க. போன வருசந்தான் தகரம் போட்டனுங்க." அம்மா சொந்தச் சம்பாத்தியத்தில் போட்ட தகரக் கூரை அது.

அவர் அடுத்த வாசலுக்குப் போய்விட்டார். தலைவர் மட்டும் திரும்பி வந்தார்.

"ஏனுங்கக்கா, குடிசைன்னு சொன்னா வாய் வலிக்குதுங்களா?"

"ஓட்டுக் கேக்கறப்ப ஊடு ஊடாத்தான வந்தீங்க அம்மிணி. குடிசை குடிசையாவா வந்தீங்க?"

தலைவருக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. தகரம் போட்டவர்களும் ஏழைகள்தான் என்று ஆபீசில் போய்ப் பேசிப் பார்த்தார். விதியில் குடிசை என்றுதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்களாம். மறுநாள் எங்கள் வாசலில் ஒரு வண்டித் தென்னங்கீற்று வந்து இறங்கியது. தகரத்தின் மேலே பரப்பிவிடச் சொல்லி அவர்தான் அனுப்பியிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. ஓட்டுப் போட்டவர்கள் எதற்கு வேஷம் போட வேண்டும், எழுதிக் கேட்கலாம், நான் எழுதுகிறேன் என்றேன். அம்மா ஏணியில் ஏறிவிட்டாள்.

"நீ எழுதி, அவங்க படிச்சு, அதுக்குள்ள எனக்கு மூட்டை நின்னுரும் கண்ணு. அந்தப் பக்கத்தைப் புடி."

பிடித்தேன்.

பல்பு வந்தது. அம்மா ஒவ்வொரு பனியனையும் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். கரி இல்லை. மூட்டையும் நிற்கவில்லை.

அந்த வாரமே தலைவர் வந்தார். உள்ளே வராமல் வாசலோடு நின்றார்.

"ஊடு வெளிச்சமா இருக்குதுங்களாக்கா?"

"குடிசை நல்லா வெளிச்சமா இருக்குதுங்க" என்றாள் அம்மா, பனியனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தலைவர் பல்பை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார். அவர் இல்லையென்றால் எங்களுக்கு அந்த வெளிச்சமும் இல்லை. அது எனக்கும் தெரியும். இருந்தாலும் கீற்றை இறக்கும் தைரியம் எங்களுக்குக் கடைசிவரை வரவில்லை. யாராவது வந்து பார்த்து ஒயரை அறுத்துவிட்டால்? மழையில் மக்கும்போதெல்லாம் புதுக் கீற்று வாங்கி, நல்ல தகரத்தை மூடிக்கொண்டே இருந்தோம்.